ரத்தம் உறையும் வேகம்

அவளிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள் அவளைப் பிரேக்கம்மா என்றுதான் சொல்வார்கள். பயிற்சி வண்டியில் சொல்லிக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. மற்றவர்கள் அதைத் தொட்டதற்கெல்லாம் அழுத்துவார்கள். இவள் கடைசி நொடிவரை காலை அதன்மேல் வைத்துக்கொண்டு சும்மா இருப்பாள். அழுத்தினால் வண்டி அந்த இடத்திலேயே நிற்கும், ஓட்டுகிறவருக்கு நெஞ்சு வாய்க்கு வந்துவிடும்.

அன்று காலை ஒரு வங்கி அதிகாரிக்கு வண்டியைப் பின்னால் எடுக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கணவரோடு வேலை பார்ப்பவர்.

"அக்கா, பதறாதீங்க."

பதறாதீங்க என்று ஒருவர் ஆரம்பித்தால் அதற்குப் பிறகு வருவது பதறுகிற விஷயம்தான்.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், லிஃப்ட்டின் மின்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றவர், "ஒரு மாதிரியா இருக்கு, கொஞ்சம் உட்கார்றேன்" என்றிருக்கிறார். உட்காரவில்லை, விழுந்துவிட்டார். மூச்சும் இல்லை, நாடியும் இல்லை. கூட இருந்தவர் ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் நெஞ்சை விடாமல் அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறார். அந்த நேரத்திலும் பையோடு வந்த ஒரு குடித்தனக்காரர், "லிஃப்ட் எப்பங்க ஓடும்?" என்று கேட்டாராம். இதைப் பிற்பாடு சொல்லும்போது, நெஞ்சை அழுத்திய அந்த மனிதர் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் கையைப் பிசைந்தார்.

ஆஸ்பத்திரியில் இதயத்தை மறுபடி ஓட வைத்துவிட்டார்கள். அதில் அடைத்திருந்த ரத்தக் குழாயையும் திறந்துவிட்டார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவின் பெரிய டாக்டரம்மா வெளியே வந்து, முகக்கவசத்தைக் கழற்றிவிட்டுச் சொன்னார்.

"இதயம் இப்போதைக்குப் பரவாயில்ல. இனிமே மூளைதான்."

"மூளைக்கு என்ன டாக்டர்? அவருக்கு நெஞ்சுலதான வலி?"

"இதயம் நின்ன நேரத்துல மூளைக்கு ரத்தம் போகலம்மா. எவ்வளவு அடி பட்டிருக்குன்னு இப்பச் சொல்ல முடியாது. உடம்புச் சூடு ஏறாம பார்த்துக்கிட்டு, மயக்கத்துல வெச்சிருக்கோம். மருந்தைக் குறைச்ச பிறகுதான் தெரியும்."

"குறைச்ச உடனே தெரிஞ்சிடுமா?"

"தெரியலாம். தெரியாமலும் போகலாம்."

அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு அந்தப் பதிலை அவள் எத்தனை வாய்களிலிருந்து எத்தனை விதமாகக் கேட்டாளோ, கணக்கில்லை. பார்க்கலாம். பொறுத்திருக்கலாம். ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு மாதிரி. கல்லில் நார் உரித்தாலும் உரிக்கலாம், டாக்டர் வாயிலிருந்து ஆமாம் இல்லை வாங்க முடியாது என்று அவளுக்குத் தோன்றியது.

மதியத்துக்குள் நாத்தனார் வந்துவிட்டாள். கணவருடைய அக்கா. சொந்தமாக மருந்துக்கடை வைத்திருப்பவள். தாய் சீக்கிரம் போய்விட்டதால் தம்பியைத் தூக்கி வளர்த்தவளும் அவள்தான். பிரேக்கம்மாவுக்கும் லிஃப்ட்காரருக்கும் பிள்ளைகள் இல்லை. அவர்கள் வீட்டில் மூன்றாவதாக ஒரு ஆள் உண்டென்றால் அது நாத்தனார்தான். சாவி அவளிடம் ஒன்று இருந்தது. கேட்காமல் வருவாள், கேட்காமல் அலமாரியை ஒழுங்குபடுத்துவாள், கேட்காமல் குறை சொல்வாள். இருவருக்கும் ஒத்துப்போகாது, ஆனால் ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் மற்றவள் வந்து நிற்பாள். அப்படி ஒரு உறவு.

அவள் கண்ணாடிக் கதவு வழியாகத் தம்பியைப் பார்த்தாள். வாயில் குழாய், கழுத்தில் குழாய், விரலில் சிவப்பு வெளிச்சம். அழவில்லை. "சட்டையைக் கத்தரிச்சுட்டாங்களா? புதுச் சட்டை" என்று மட்டும் சொன்னாள்.

சற்று நேரத்தில் ஒல்லியான இளம் டாக்டர் ஒருவர் வந்தார். கண்ணாடி மூக்கிலிருந்து நழுவிக்கொண்டே இருந்தது, அவர் அதை ஏற்றிக்கொண்டே இருந்தார். தான் ஓர் ஆராய்ச்சி செய்வதாகவும், நோயாளியின் ரத்தம் கொஞ்சம் எடுத்துக்கொள்ள அனுமதி வேண்டும் என்றும் சொன்னார்.

"எதுக்கு?" என்றாள் நாத்தனார்.

"இதயம் நின்னா ரத்தம் ஓடாம தேங்கிப்போகும்மா. தேங்கின உடனே உறையிற வேலை தாறுமாறா ஆரம்பிச்சிடும். மூளையோட நுண்ணிய குழாய்ல எல்லாம் சின்னச் சின்னக் கட்டி உண்டாகலாம்னு ஒரு கருத்து. அதனால ரத்தம் எவ்வளவு வேகமா உறையுது, எவ்வளவு கெட்டியா உறையுது, உறைஞ்சது எவ்வளவு நேரத்துல கரையுதுன்னு ஒரு மெஷின்ல பார்க்கறோம். அதை வெச்சு, மூளை எந்த அளவுக்குத் தேறும்னு முன்னாலயே சொல்ல முடியுமான்னு..."

பிரேக்கம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். காலையிலிருந்து யாராவது ஒருவர் இதைச் சொல்ல மாட்டார்களா என்றுதான் காத்திருந்தாள்.

"சொல்ல முடியுமா?"

"முடியுமான்னுதான் பார்க்கறோம்."

"எடுத்துக்குங்க. ரிசல்ட் எப்ப வரும்?"

"மெஷின்ல சீக்கிரமே வந்திடும். ஆனா..." அவர் கண்ணாடியை ஏற்றினார். "அதை யாருக்கும் காட்ட மாட்டோம். சீல் வெச்சிடுவோம். சிகிச்சை பண்ற டாக்டர்களும் பார்க்க மாட்டாங்க. நானும் பார்க்க மாட்டேன். ஆராய்ச்சி முடிஞ்சு, எல்லா நோயாளிகளும் எப்படி இருக்காங்கன்னு தெரிஞ்ச பிறகுதான் திறப்போம்."

"என் வீட்டுக்காரர் ரத்தம். அதுல என்ன இருக்குன்னு எனக்குச் சொல்ல மாட்டீங்க?"

"அதுதாங்க விதி."

"நல்ல விதி!" என்றாள். ஆனாலும் கையெழுத்துப் போட்டாள். போட்ட கையோடு ஆத்திரம் வந்தது. பதில் இந்தக் கட்டடத்துக்குள்ளேயே எங்கோ ஒரு கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருக்கிறது, தான் மட்டும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சத்தமில்லாத டிவியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இது என்ன நியாயம்?

நாத்தனார் அப்படிச் சும்மா இருக்கிற ரகம் இல்லை. மறுநாள் காலையில் டாக்டரம்மாவை வழிமறித்தாள். ஆராய்ச்சி ரத்தம் போகட்டும், ஆஸ்பத்திரிக்காகச் சாதாரணமாக எடுத்த ரத்தம் இருக்குமே, அந்த ரிப்போர்ட்டைக் காட்டுங்கள், நான் மருந்துக்கடைக்காரி, எனக்குப் படிக்கத் தெரியும் என்றாள். டாக்டரம்மா மறைக்கவில்லை. திரையில் காட்டினார். டி-டைமர் என்று ஒரு அளவு. உடம்பில் உறைந்த ரத்தம் கரையும்போது விழுகிற துணுக்குகளின் கணக்கு அது. இருக்க வேண்டியதைப்போல் பல மடங்கு இருந்தது.

"இதை வெச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க. இதயம் நின்னு நெஞ்சை அழுத்த வேண்டியிருந்தவங்க எல்லாருக்குமே இது ஏறும்" என்றார் டாக்டரம்மா.

நாத்தனார் தலையாட்டினாள். ஆட்டிவிட்டு நேராகப் போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்து, போனில் தேட ஆரம்பித்தாள். போனில் தேடினால் தலைவலிக்கே ஆயுள் முடிந்துவிடும். இதற்குக் கேட்க வேண்டுமா? இந்த அளவு கூடியிருந்தவர்களில் மூளை தேறாமல் போனவர்களே அதிகம் என்று ஒன்றல்ல, பல கட்டுரைகள் சொல்லின.

அவள் திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"இங்க பாரும்மா. நான் சொல்றதைக் கோபப்படாம கேளு. தம்பி எழுந்திருக்க மாட்டான்."

"யார் சொன்னா? டாக்டரா?"

"டாக்டர் சொல்ல மாட்டாங்க. ரத்தம் சொல்லுது."

"உங்க போன் சொல்லுதுன்னு சொல்லுங்க, அண்ணி."

நாத்தனார் அதற்கு மேல் பேசவில்லை. ஆனால் மற்றவர்களிடம் பேசினாள். அன்று சாயங்காலமே உறவுக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் பழம் கொண்டு வருவார்கள். இவர்கள் வெறுங்கையோடு வந்து, பிரேக்கம்மாவின் தோளைத் தொட்டு, தலையைக் குனிந்துகொண்டார்கள். கணவருடைய தாய்மாமா ஒருவர் பெருமூச்சு விட்டுச் சொன்னார்:

"தங்கமான மனுஷன். இருந்தவரைக்கும் யார் மனசும் நோகப் பேசினதில்ல."

"இன்னும் இருக்கார் மாமா," என்றாள் பிரேக்கம்மா. "அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கார். அப்புறம், நிறையப் பேர் மனசு நோகப் பேசியிருக்கார். உங்களைப் பத்தியும்தான்."

மாமா அதற்குப் பிறகு வரவில்லை.

அடுத்த நாள் மதியம் ஆஸ்பத்திரி கேண்டீனில் ஆராய்ச்சி டாக்டர் தனியாக உட்கார்ந்து காய்ந்த பிரெட்டைத் தேநீரில் முக்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் போய் எதிரே உட்கார்ந்தாள். அவருக்கு விக்கியது.

"பயப்படாதீங்க. சண்டைக்கு வரல. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. எதுக்கு ஒளிச்சு வெக்கறீங்க? கெட்டதுன்னா கெட்டதுன்னு சொல்லிடலாமே? நாங்க தாங்கிக்க மாட்டோமா?"

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். பிரெட்டைத் தட்டில் வைத்தார்.

"நீங்க தாங்கறதுக்காக இல்லம்மா. எங்களுக்காக. இப்ப அந்த மெஷின், இவர் தேற மாட்டார்னு காட்டுதுன்னு வெச்சுக்குங்க. டாக்டர்களும் அதைப் பார்த்துட்டாங்க. என்ன ஆகும்? அவங்களை அறியாமலேயே கொஞ்சம் கையைத் தளர்த்துவாங்க. போதும், வீணா ஏன் கஷ்டப்படுத்தணும்னு வீட்டுக்காரங்களும் சொல்வாங்க. மூச்சு மெஷினை நிறுத்துவாங்க. ஆள் போயிடுவார். அப்புறம் நாங்க என்ன எழுதுவோம்? பார்த்தீங்களா, எங்க டெஸ்ட் எவ்வளவு சரியாச் சொல்லிடுச்சுன்னு எழுதுவோம். அவர் டெஸ்ட்டாலதான் போனார்னு யாருக்குமே தெரியாது."

அவள் அவரையே பார்த்தாள்.

"அப்போ அந்த டெஸ்ட் நிஜமாவே சொல்லுமா சொல்லாதா?"

"நிறையப் பேரைச் சேர்த்துப் பார்த்தா ஏதோ சொல்ற மாதிரி இருக்கு. ஒரே ஒருத்தரைப் பார்த்து, உங்க வீட்டுக்காரரைப் பார்த்து, அது என்ன சொல்லும்னு எனக்குத் தெரியாது. சத்தியமா."

"இத்தனை படிச்சிட்டுத் தெரியாதுன்னு சொல்றதுக்கு ஒரு தைரியம் வேணும்" என்று எழுந்தாள் அவள். பாராட்டாகவும் இல்லை, திட்டாகவும் இல்லை. அவர் அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

மயக்க மருந்தை நிறுத்தினார்கள். எல்லோரும் அந்த ஒன்றுக்காகத்தான் காத்திருந்தார்கள். அவர் எழவில்லை. கண்மணி வெளிச்சத்துக்குச் சுருங்கியது. அது நல்லது என்றார்கள். கை அவ்வப்போது வெட்டி வெட்டி இழுத்தது; அது அவ்வளவு நல்லதில்லை என்றார்கள். தலையில் ஒயர்களை ஒட்டி மூளையின் அலைகளைப் பார்த்தார்கள். ரெண்டுங்கெட்டானாக இருக்கிறது என்றார்கள். டாக்டரம்மா அந்த வார்த்தையையேதான் சொன்னார்.

ஒரு சின்ன அறையில் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். மேசையில் ஒரு டிஷ்யூ பெட்டி, யாருக்காகவோ தயாராக.

"இன்னும் பொறுத்துப் பார்க்கணும்னு நினைக்கறேன்" என்றார் டாக்டரம்மா.

"எத்தனை நாள்?" என்றாள் நாத்தனார்.

"நாள் சொல்ல முடியலம்மா."

"சொல்ல முடியல, தெரியல, பார்க்கலாம். இதையே எத்தனை தடவை டாக்டர் சொல்வீங்க? எங்கப்பா பக்கவாதம் வந்து படுத்தார். அப்பவும் ஒரு டாக்டர் பார்க்கலாம்னுதான் சொன்னார். என் கல்யாணப் பேச்சு வந்தது, போச்சு. அவர் படுத்தே கிடந்தார். முதுகுல புண் வெச்சு, என்னை யாருன்னு தெரியாம, என்னைப் பார்த்தாலே பயந்து கத்தி... அவருக்குச் சோறு ஊட்டினது நான். இவனுக்கு அது வேணாம். இவன் என்கிட்ட சொல்லியிருக்கான். அக்கா, அப்பா மாதிரி என்னை விட்டுடாதேன்னு சொல்லியிருக்கான்."

அவர் அப்படிச் சொன்னது பிரேக்கம்மாவுக்குத் தெரியாது. கணவர் தன்னிடம் சொல்லாததை அக்காவிடம் சொல்லியிருக்கிறார் என்பதே நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

டாக்டரம்மா, "அவர் அப்படிச் சொல்லியிருந்தா அது முக்கியம். அதை நாங்க மறக்க மாட்டோம். ஆனா அவர் அப்படி ஆவார்னு இன்னும் தெரியலையே. அதுக்குத்தான் பொறுக்கச் சொல்றேன்" என்றார்.

வெளியே வந்ததும் தாழ்வாரத்திலேயே சண்டை வெடித்தது. துடைப்பத்தோடு நின்ற ஒரு பணியாள் நகர்ந்து வழிவிட்டார்.

"நம்பரைப் பார்த்தேன்ல நான்? கண்ணால பார்த்தேன்ல?" என்றாள் நாத்தனார்.

"நம்பர், நம்பர், நம்பர்! அந்த நம்பரைப் பார்த்துதான் ஊரையே கூட்டி இழவு சொல்லியாச்சு. இப்ப அது பலிக்கணும், அதுக்கு ஆளை நாமளே அனுப்பி வெக்கணும், அப்படித்தான?"

"என்ன பேச்சு பேசறே? அவன் என் தம்பி!"

"தம்பின்னா பொறுங்க. உங்க கடையில நாலு மாத்திரை எடுத்துக் கொடுக்கற மாதிரி இல்ல இது. உங்களுக்கு இன்னொரு தடவை படுக்கையைப் பார்க்கப் பயம். அதுக்கு அவர் சாகணுமா?"

சொன்ன உடனே தெரிந்தது, வார்த்தை கை மீறிப் போய்விட்டது. கொட்டியதை அள்ள முடியாது. நாத்தனார் கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். லிஃப்ட் இருந்தும் அதில் ஏறவில்லை.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. பிரேக்கம்மா தனியாகக் காத்திருந்தாள். பகலில் உள்ளே விடுகிற நேரத்தில் கணவரின் காதருகே குனிந்து பேசினாள். முதலில் அன்பாக. பிறகு அன்பு தீர்ந்துபோய், திட்ட ஆரம்பித்தாள். "எந்திரிங்க. போதும். அடுத்தவங்க லிஃப்ட் நின்னா ஓடிப்போய் நிப்பீங்கள்ல? எனக்கு ஒரு விரலை அசைங்களேன். ஒரே ஒரு விரல்." நர்ஸ் திரும்பிப் பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல் இருந்தாள். விரல் அசையவில்லை.

நாத்தனார் சொன்னதுதான் சரியோ என்ற எண்ணம் அவளுக்கு வரத்தான் செய்தது. அது வரும்போதெல்லாம் அவள் எழுந்து கீழே போய் ஆஸ்பத்திரி வாகன நிறுத்தத்தைச் சுற்றி நடந்தாள். கோணலாக நிறுத்திய கார்களைப் பார்த்து வாய்விட்டே திட்டினாள்.

அந்த வாரம் வங்கி அதிகாரிக்கு ஓட்டுநர் உரிமத் தேர்வு. அதைத் தள்ளிப்போட முடியாதா என்று அவர் தயங்கித் தயங்கிப் போனில் கேட்டார். ஏற்கெனவே இரண்டு முறை தோற்றவர். வேறு ஆளோடு போனால் கை கால் ஆடும் என்றார். அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. ஆனால் எதையாவது ஒன்றை முடித்துவைக்க வேண்டும்போல் கை பரபரத்தது. போனாள். அவர் பாஸ் செய்தார். சந்தோஷத்தில் அவர் கண் கலங்கி நின்றபோது அவளுடைய போன் அடித்தது.

நாத்தனார்.

"எங்க இருக்கே நீ?"

"ஏன்? என்ன ஆச்சு?"

அந்தப் பக்கம் மூச்சு வாங்கியது.

"நான் காலையில வந்தேன். உன்கிட்ட பேசலாம்னு வந்தேன். நீ இல்ல. உள்ள போய் அவன் கையைப் பிடிச்சுக்கிட்டு, போதும்டா தம்பி, உனக்குப் போகணும்னா போயிடுடான்னு சொன்னேன். என் விரலை இறுக்கினான்."

"அண்ணி..."

"சும்மா இழுக்கறதுன்னு நினைச்சேன். மறுபடி இறுக்குடான்னேன். இறுக்கினான். விடுடான்னேன். விட்டான். நர்ஸைக் கூப்பிட்டேன். அவங்க சொன்னதுக்கும் செஞ்சான். நீ வா. உடனே வா. வண்டியை மெதுவா ஓட்டிட்டு வா."

பிரேக்கம்மா காரிலேயே உட்கார்ந்து அழுதாள். சந்தோஷமா என்றால் சந்தோஷம்தான். ஆனால் அதற்கடியில் ஒரு ஆத்திரமும் புகைந்தது. இத்தனை நாள் காத்துக் கிடந்தது நான், கெஞ்சியது நான், திட்டியது நான். போகச் சொன்ன அக்காவின் விரலைத்தான் பிடித்தாரா இந்த மனிதர்!

கதை இங்கே முடிந்திருந்தால் எல்லோருக்கும் நன்றாக இருந்திருக்கும். உறவுக்காரர்கள் அதோடு முடிந்ததாகத்தான் நினைத்தார்கள். பழக்கூடையோடு வந்தார்கள். "எமன் வாசல் வரைக்கும் போய்த் திரும்பிட்டான்" என்றார்கள். தாய்மாமா போனிலேயே, அவன் பிழைத்துவிடுவான் என்று தான் அன்றே சொன்னதாகச் சொன்னார்.

வாயிலிருந்து குழாயை எடுத்த பிறகு கணவர் பேசினார். மனைவியை அடையாளம் தெரிந்தது. அக்காவையும் தெரிந்தது. எங்கே இருக்கிறோம் என்று கேட்டார். ஆஸ்பத்திரி என்றாள். சற்று நேரம் கழித்து எங்கே இருக்கிறோம் என்று கேட்டார். பழைய விஷயங்கள் அப்படியே இருந்தன. புதிதாகச் சொல்வது மட்டும் ஓட்டைப் பாத்திரத்தில் விட்ட தண்ணீராக ஒழுகியது. வீட்டுக்கு வந்த பிறகு அது கொஞ்சம் சரியானது, முழுக்கச் சரியாகவில்லை.

தானே குளித்தார், உடுத்திக்கொண்டார், சாப்பிட்டார். முனைக்கடை வரை போய் வந்தார், சில சமயம் எதற்குப் போனோம் என்பதை மட்டும் மறந்து வந்தார். ஒருநாள் லிஃப்ட்டின் மின்சுற்றுப் படத்தை விரித்து வைத்துக்கொண்டு பகல் முழுக்க உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய படம் அது அவருக்கு. ஒரு கோட்டில் ஆரம்பித்து விரலை நகர்த்துவார், பாதியில் விரல் நிற்கும், மறுபடி முதலிலிருந்து. கடைசியில் படத்தைச் சுருட்டி எறிந்தார். அது பிரேக்கம்மாவின் காலடியில் வந்து விழுந்தது. எடுத்து வைத்தாள். "எதுக்கு எடுக்கறே? குப்பையில போடு!" என்று கத்தினார். முன்பெல்லாம் அவர் கத்த மாட்டார்.

நாத்தனார் தினமும் மாத்திரையோடு வந்தாள். தாழ்வாரத்தில் பேசியதைப் பற்றி இருவரும் மூச்சு விடவில்லை. ஒருநாள் பாத்திரம் கழுவும்போது நாத்தனார், "நான் சொன்ன மாதிரியும் ஆகல, நீ சொன்ன மாதிரியும் ஆகல" என்றாள். பிரேக்கம்மா, "தட்டைச் சரியாக் கழுவுங்க அண்ணி, சோப்பு போகல" என்றாள். அவ்வளவுதான் சமாதானம்.

சில மாதங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் ஆராய்ச்சி டாக்டர் போன் செய்தார். நோயாளி எப்படி இருக்கிறார் என்று சில கேள்விகள் கேட்க வேண்டுமாம்.

தானே குளிக்கிறாரா? குளிக்கிறார். தானே உடுத்துகிறாரா? ஆமாம். கடைக்குத் தனியாகப் போய் வருவாரா? வருவார். வீட்டில் யார் துணையும் இல்லாமல் சில மணி நேரம் இருக்க முடியுமா? முடியும். மறுமுனையில் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது.

"ரொம்ப சந்தோஷம்மா. எங்க அளவுகோல்ல இது நல்ல மீட்சி."

அவளுக்குள் ஏதோ அறுந்தது.

"நல்ல மீட்சியா? நேத்துக் கேஸை மூட மறந்துட்டார் டாக்டர். தன்னோட வேலை என்னன்னு தெரியும், அதைச் செய்யத் தெரியல. கோபம் மூக்கு மேல நிக்குது. என் பிறந்தநாள் தெரியும், நான் காலையில சொன்னது தெரியாது. இதை எந்தக் கட்டத்துல போடுவீங்க?"

"புரியுதும்மா. அந்த அளவுகோல் அப்படித்தான்... கொஞ்சம் மேலோட்டமான அளவுகோல்."

"அன்னைக்கு எடுத்த ரத்தம் என்ன சொன்னதுன்னு இப்பவாவது தெரியுமா?"

"இன்னும் திறக்கலம்மா. இன்னும் ஆட்கள் சேரணும்."

"நல்லா இருக்கு. நீங்க திறந்து பார்க்கும்போது எங்க ஆள் நல்ல மீட்சிக்காரங்க வரிசையில உட்கார்ந்திருப்பார். அந்த வரிசையை நம்பி நாளைக்கு இன்னொரு பொண்டாட்டிக்கு ஏதோ ஒண்ணைச் சொல்வீங்க."

"நீங்க சொல்றது சரிதாம்மா" என்றார் டாக்டர். அவர் நியாயமான மனிதர். நியாயமான மனிதர்களைத் திட்டினால் திட்டு முழுசாக இறங்காது. அதனால் அவளுக்கு எரிச்சல் இன்னும் கூடியது.

கணவர் நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "யாரு?"

"ஆஸ்பத்திரி. நீங்க எப்படி இருக்கீங்கன்னு கேட்கறாங்க."

"நீ என்ன சொன்னே?"

"குளிக்கறீங்க, துணி போட்டுக்கறீங்கன்னு சொன்னேன்."

"நான் எப்படி இருக்கேன்னு உன்னை எதுக்குக் கேட்கறாங்க? என்னைக் கேட்டா என்ன? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

அவள் போனை நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். வாடிக்கையாளரிடம் பேசும் அந்தப் பழைய குரல் வந்தது.

"சார், வணக்கம். நான் சொல்றேன், எழுதிக்குங்க. உடம்பு பரவாயில்ல. ஆனா வேலை வரல. படத்தைப் பார்த்தா ஒவ்வொரு கோடும் தெரியுது. அது எங்கிருந்து எங்க போகுதுன்னும் தெரியுது. அடுத்த கோட்டுக்குப் போனா முன்னாடி பார்த்த கோடு... அது வந்து... கையில எடுத்ததைக் கீழ வெக்காம இன்னொண்ணை எடுக்கணும் சார் எங்க வேலையில. எனக்கு அது முடியல. ரெண்டாவதை எடுத்தா முதல் விழுந்திடுது. புரியுதா?"

"புரியுதுங்க. மெதுவாச் சொல்லுங்க, எழுதறேன்" என்று போனிலிருந்து குரல் கேட்டது.

"இன்னொண்ணு. இது முக்கியம். என்னன்னா..."

நின்றுவிட்டார். நெற்றியைச் சுருக்கினார். வாய் திறந்தபடி இருந்தது. பிரேக்கம்மாவுக்கு அவர் சொல்ல வந்தது என்னவென்று கிட்டத்தட்டத் தெரியும். இந்த வீட்டில் எல்லா வார்த்தையையும் அவள்தான் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இப்போதும் நுனிநாக்கில் நின்றது. அவர் அவளைப் பார்த்துக் கையை உயர்த்தினார், பேசாதே என்பதுபோல. முகம் சிவந்துகொண்டே வந்தது. மேசையை ஒரு தட்டுத் தட்டினார்.

"இருங்க சார். போனை வெச்சிடாதீங்க. வரும்."

"வெக்க மாட்டேன்" என்றது போன்.

சாவி போட்டுக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. நாத்தனார் மாத்திரைப் பையோடு உள்ளே வந்து, "என்ன எல்லாரும் சிலை மாதிரி..." என்று ஆரம்பித்தாள்.

"உஷ்!" என்றாள் பிரேக்கம்மா.

நாத்தனார் கதவோரமே நின்றுவிட்டாள். கணவர் கண்ணை மூடிக்கொண்டு, உதடுகளை அசைத்து, எதையோ தேடிக்கொண்டிருந்தார்.